வடித்த சோற்றை மறுபடி வடிக்காதே! – தரம் குறையாமல் டிவிடி தயாரிப்பது எப்படி?

இறுதியாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



"டிவிடியா? அதெல்லாம் இன்னும் இருக்கா மச்சி?" என்று நீங்கள் சிரிப்பது என் காதில் விழுகிறது. நம் கையில் செல்போன் இருக்கிறது, பென் டிரைவ் இருக்கிறது. ஆனால் என் அப்பத்தா வீட்டில் டிவிடி பிளேயர்தான் இருக்கிறது. ரிமோட்டில் சிவப்பு பட்டனை அழுத்தணும், தட்டு வெளியே வரும், வட்டை வைக்கணும், மறுபடி அழுத்தணும். எழுபத்தெட்டு வயதில் அப்பத்தா கற்றுக்கொண்ட ஒரே எலக்ட்ரானிக்ஸ் அதுதான். அதை மாற்றச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இந்தக் கட்டுரை அந்த ஒரு டிவிடியின் கதை. கூடவே, மூன்றாவது செமஸ்டரில் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன சில விஷயங்களை நான் உண்மையிலேயே புரிந்துகொண்ட கதை.

நான் செய்த முதல் தவறு

2009-ம் ஆண்டு பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா ஒரு ஹேண்டிகேம் கொண்டுவந்தார். டேப் இல்லாத, ஹார்டு டிஸ்க்கில் பதிவு செய்யும் வகை. அதில் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து, மூன்று வயதுப் பையனான என்னை மடியில் வைத்துக்கொண்டு, தான் கிணறு வெட்டிய கதையைச் சொல்கிறார். மொத்தம் 47 நிமிடம். மறு வருடம் தாத்தா காலமாகிவிட்டார். அவர் பேசி நடமாடுவதாக எங்கள் குடும்பத்தில் இருக்கும் ஒரே பதிவு இதுதான்.

மூன்றாவது செமஸ்டர் லீவில் அப்பத்தா கேட்டார்: "ராசா, நீ கம்ப்யூட்டர் படிக்கிறியே, தாத்தா பேசுறத நம்ம டிவியில போட்டுத் தரக்கூடாதா?" நான் படிப்பது கம்ப்யூட்டர் இல்லை, எலக்ட்ரானிக்ஸ் என்று விளக்கி என்ன பயன்? "போட்டுர்றேன் அப்பத்தா" என்றேன்.

ஒரு இலவச மென்பொருளைப் போட்டேன். அது "எந்தக் கருவிக்கு மாற்ற வேண்டும்?" என்று கேட்டது. டிவிடி என்று அமுக்கினேன். இரவு 10 மணிக்கு ஆரம்பித்தது, விடியற்காலை 4 மணிக்கு முடிந்தது. லேப்டாப்பில் சின்ன ஜன்னலில் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்துப் பென் டிரைவிலிருந்த மூலக் கோப்புகளை அழித்துவிட்டு, லேப் மென்பொருளை ஏற்றிக்கொண்டேன்.

ஊரில் 32 அங்குல டிவியில் போட்டபோதுதான் தெரிந்தது. தாத்தாவின் முகத்தில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள். கையை அசைத்தால் விட்டு விட்டு ஓடுகிறது. முகமும் உடம்பும் குச்சி மாதிரி ஒல்லியாக நீண்டுவிட்டன. அப்பத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னய்யா, உங்க தாத்தா காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச மாதிரி இருக்காரு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "ஒரிஜினல் வச்சிருக்கீல்ல, அதுல இருந்து மறுபடி பண்ணுடா" என்றார். ஒரிஜினலை அழித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஹேண்டிகேமின் ஹார்டு டிஸ்க் எப்போதோ செத்துவிட்டது. கடைசியில் அவருடைய பழைய லேப்டாப்பில் ஒரு நகல் இருக்கலாம் என்று தேடினார். பதினொரு நாள் கழித்து, "இருக்குடா" என்று போன் வந்தது. அந்தப் பதினொரு நாளை என்னால் மறக்க முடியாது. நண்பர்களே, இந்தக் கட்டுரையில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: மூலக் கோப்பை அழிக்காதே!

லேப் சார் சொன்ன ஒரு வாக்கியம்

கல்லூரி திறந்ததும் எங்கள் லேப் இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். புதிதாக வந்த கோப்பை வாங்கிப் பார்த்தார். சிரித்தார். "ஏம்ப்பா, இது ஏற்கெனவே எம்பெக்-2. டிவிடியும் எம்பெக்-2. வடிச்ச சோத்தை ஒரு குண்டான்ல இருந்து இன்னொரு குண்டானுக்கு மாத்துறதுக்கு எவனாவது மறுபடி உலை வைப்பானா?"

அந்த ஒரு வாக்கியத்தில்தான் பாடம் முழுக்க இருக்கிறது. வாருங்கள், அதைப் பிரித்துப் பார்ப்போம்.

சோறு வேறு, பாத்திரம் வேறு

ஒரு வீடியோ கோப்பில் இரண்டு சமாச்சாரம் உண்டு. ஒன்று, சுருக்கப்பட்ட படமும் ஒலியும். இதுதான் சோறு. இதைச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். எம்பெக்-1, எம்பெக்-2, ஹெச்.264 எல்லாம் கோடெக்குகள். இரண்டு, படத்தையும் ஒலியையும் துண்டு துண்டாக்கி, நேர முத்திரை குத்தி, மாற்றி மாற்றி அடுக்கி வைக்கும் உறை. இதுதான் பாத்திரம். ஏவிஐ, எம்பி4, எம்கேவி, விஓபி எல்லாம் பாத்திரங்கள்.

கோப்பின் பெயரில் கடைசியாக வரும் எழுத்துகள் பாத்திரத்தைத்தான் சொல்லும், சோற்றைச் சொல்லாது. சித்தப்பாவின் கோப்புகள் "மாட்" என்று முடிந்தன. மாடு இல்லை நண்பர்களே, மாட்! இது ஏதோ புது வகை என்று நினைத்துத்தான் நான் கன்வர்ட்டர் தேடிப் போனேன். உள்ளே திறந்து பார்த்தால் 720 x 576 எம்பெக்-2 படமும், 48 கிலோஹெர்ட்ஸ் டால்பி ஏசி-3 ஒலியும் இருந்தன. அதாவது டிவிடிக்கு என்ன வேண்டுமோ அதுவே! பாத்திரத்தை மட்டும் மாற்றினால் போதும். இதற்கு ரீமக்ஸ் என்று பெயர். நான் செய்ததோ, பொங்கின சோற்றை மறுபடி பொங்கிக் கஞ்சியாக்கிய வேலை.

மறுபடி சுருக்கினால் ஏன் கெடுகிறது?

முதலில், ஏன் சுருக்க வேண்டும் என்று பார்ப்போம். ஒரு பால் முறைப் படத்தில் 720 x 576 = 4,14,720 புள்ளிகள். வினாடிக்கு 25 படம். ஒரு புள்ளிக்குச் சராசரியாக 12 பிட். பெருக்கினால் வினாடிக்குச் சுமார் 124 மெகாபிட் வருகிறது. ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 470 கோடி பைட், அதாவது 37,600 மெகாபிட். வகுத்துப் பாருங்கள். சுருக்காமல் பதிந்தால் ஒரு டிவிடியில் 5 நிமிடப் படம்தான் கொள்ளும்! எனவே சுருக்கியே ஆக வேண்டும்.

எம்பெக் என்ன செய்கிறது? படத்தை 8 x 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் டிசிடி என்ற கணித மாற்றத்தால் அதிர்வெண் எண்களாக மாற்றுகிறது. இங்கே ஒரு செய்தி. இந்த டிசிடியை 1974-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகிய மூவர். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். இந்த யோசனைக்கு ஆராய்ச்சி நிதி கேட்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு அவர் விண்ணப்பித்தபோது அது மறுக்கப்பட்டது. ஆனாலும் அவர் விடவில்லை. இன்று உலகில் எடுக்கப்படும் கோடானுகோடி படங்களுக்குள் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் மிகையாகாது. புராஜெக்ட் ரிஜெக்ட் ஆனவர்கள் மனம் தளர வேண்டாம்!

டிசிடியால் தரம் குறையாது. குறைப்பது அதற்கு அடுத்த படியான குவாண்டைசேஷன். வந்த எண்ணை ஒரு எண்ணால் வகுத்து, மீதியைத் தூக்கிப் போட்டு, முழு எண்ணாக்குகிறோம். பிட் மிச்சமாவது இங்கேதான். நஷ்டமும் இங்கேதான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மூல எண் 37 என்று வையுங்கள். கேமரா அதை 8-ஆல் வகுக்கிறது. 4.625 வரும், அதை 5 என்று வைத்துக்கொள்ளும். திரும்ப விரிக்கும்போது 5 x 8 = 40. இப்போது நம் மென்பொருள் அந்த 40-ஐ மறுபடி 6-ஆல் வகுக்கிறது. 6.67, அதாவது 7. விரித்தால் 42. மூல எண் 37, கையில் இருப்பது 42. வேடிக்கை என்னவென்றால், 37-ஐ நேரடியாக 6-ஆல் வகுத்திருந்தால் 6 வந்து, விரிக்கும்போது 36 கிடைத்திருக்கும். பிழை 1 மட்டுமே. இரண்டு முறை சுருக்கியதால் பிழை 5 ஆகிவிட்டது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"சார், அதே 8-ஆல் வகுத்தால் 40 அப்படியே 40 ஆகத்தானே இருக்கும்?" என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார். ஆனால் நடைமுறையில் அப்படி அமைவதில்லை. எம்பெக்கில் மூன்று வகைப் படங்கள் உண்டு. ஐ படம் முழுப் படம், தன்னந்தனியாக நிற்கும். பி படம் முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லும். அதையும் விடச் சிக்கனமான மூன்றாவது வகை இரு பக்கப் படம். அது முன்னால் இருப்பதையும் பின்னால் வருவதையும் பார்த்து வித்தியாசத்தைச் சொல்லும். ஒரு ஐ படத்தில் தொடங்கும் கூட்டத்துக்கு ஜி.ஓ.பி. என்று பெயர். கேமரா ஐ படமாக வைத்ததை நம் மென்பொருள் பி படமாக வைக்கலாம். வகுக்கும் எண்ணும் இடத்துக்கு இடம் மாறும். ஆக, இரண்டாம் முறை சுருக்கும்போது பிழை சேர்ந்துகொண்டே போகும். சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த, புள்ளி புள்ளியாக இரைச்சல் உள்ள படம் என்றால் கேட்கவே வேண்டாம். தாத்தாவின் முகத்தில் வந்த கட்டங்கள் அந்த 8 x 8 கட்டங்களேதான்!

டிவிடி போடும் சட்டங்கள்

டிவிடி பிளேயர் கண்டிப்பான ஹாஸ்டல் வார்டன் மாதிரி. கையேட்டில் இருப்பதை மட்டுமே உள்ளே விடும். பால் முறைக்கான முக்கிய சட்டங்கள் இவை. ரெக்கார்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. படம் எம்பெக்-2 அல்லது எம்பெக்-1 ஆக இருக்க வேண்டும்.

2. அளவு 720 x 576, 704 x 576, 352 x 576, 352 x 288 ஆகிய நான்கில் ஒன்று. எம்பெக்-1 என்றால் 352 x 288 மட்டும்.

3. வினாடிக்கு 25 படம்.

4. படத்தின் வேகம் வினாடிக்கு 9.8 மெகாபிட்டைத் தாண்டக்கூடாது. எம்பெக்-1 என்றால் 1.856 மெகாபிட். படம், ஒலி எல்லாம் சேர்த்து 10.08 மெகாபிட்.

5. ஒரு ஜி.ஓ.பி.யில் அதிகபட்சம் 15 படங்கள்.

6. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். ஏசி-3 என்றால் 448 கிலோபிட் வரை. எம்பெக் லேயர்-2, சுருக்காத பிசிஎம் ஆகியவையும் செல்லும். எம்பி3, ஏஏசி செல்லாது.

இந்த ஆறும் பொருந்தினால் ரீமக்ஸ் போதும். படம் பொருந்தி ஒலி மட்டும் பொருந்தாவிட்டால் ஒலியை மட்டும் மாற்றுங்கள், படத்தைத் தொடாதீர்கள். படமே பொருந்தாவிட்டால் மட்டுமே மறுசுருக்கம்.

எது தேறும், எது தேறாது?

ஹார்டு டிஸ்க், மெமரி கார்டு வகைப் பழைய ஹேண்டிகேம் மாட் கோப்புகள், 8 சென்டிமீட்டர் சின்ன டிவிடியில் பதிந்த ஹேண்டிகேம் வட்டுகள், வீட்டு டிவிடி ரெக்கார்டரில் பதிந்தவை: பெரும்பாலும் அப்படியே தேறும்.

விசிடி: படம் தேறும், ஒலி தேறாது. இதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

எஸ்விசிடி: இதன் அகலம் 480 புள்ளி. டிவிடி சட்டத்தில் அந்த அளவே இல்லை. மறுசுருக்கம் தேவை.

மினி டிவி டேப்: வினாடிக்கு 25 மெகாபிட், வேறு கோடெக். மறுசுருக்கம் தேவை. ஆனால் மூலம் நல்ல தரம் என்பதால் ஒருமுறை சுருக்கினால் கண்ணுக்குத் தெரியாது.

செல்போன் வீடியோ: ஹெச்.264 அல்லது ஹெச்.265. டிவிடியில் இதற்கு இடமே இல்லை. மறுசுருக்கம் செய்துதான் ஆக வேண்டும். அதையும் மூலக் கோப்பிலிருந்து ஒரே ஒரு முறை செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை எடுத்து மாற்றாதீர்கள். அது ஏற்கெனவே ஒருமுறை நசுங்கி வந்தது.

கடையில் வாங்கிய, பூட்டுப் போட்ட சினிமா வட்டுகளைப் பற்றி இங்கே பேச்சில்லை. நம் வீட்டுப் பதிவுகளைப் பற்றி மட்டுமே.

செய்முறை

இனி நான் செய்த படிகளை வரிசையாகச் சொல்கிறேன். பயன்படுத்திய மென்பொருள்கள் எல்லாம் இலவசம்.

படி 1: நகல் எடு. மூலக் கோப்புகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்தேன். இந்த முறை ஏமாறவில்லை!

படி 2: சோதித்துப் பார். மீடியா இன்ஃபோ என்ற சிறு மென்பொருளில் கோப்பைத் திறந்தால் கோடெக், அளவு, வேகம், ஒலி எல்லாம் தெரியும். மேலே சொன்ன ஆறு சட்டங்களோடு ஒப்பிட்டு டிக் அடித்தேன். படம் உச்ச தரத்தில் சுமார் 8.5 மெகாபிட். 9.8-க்குள் இருக்கிறது. பாஸ்!

படி 3: விகிதத்தைச் சரி செய். தாத்தா ஒல்லியானதற்குக் காரணம் இங்கே கிடைத்தது. படம் 16:9 அகலத் திரையில் எடுக்கப்பட்டது. ஆனால் கோப்பின் உள்ளே 4:3 என்று எழுதியிருந்தது. உண்மையான விகிதத்தைக் கேமரா பக்கத்திலிருந்த இன்னொரு சின்னக் கோப்பில் எழுதி வைத்திருந்தது. அதை நான் நகலெடுக்கவே இல்லை.

எம்பெக்கில் ஒவ்வொரு வரிசைத் தலைப்பும் ஹெக்ஸாடெசிமலில் 00 00 01 பி3 என்று தொடங்கும். அடுத்த மூன்று பைட் அகலமும் உயரமும். 720-க்கு 2டி0, 576-க்கு 240, சேர்த்து எழுதினால் 2டி 02 40. அதற்கு அடுத்த பைட்டின் முதல் பாதி விகிதம், இரண்டாம் பாதி பட வேகம். 2 என்றால் 4:3, 3 என்றால் 16:9. வேகத்தில் 3 என்றால் 25 படம். என் கோப்பில் அந்த பைட் 23. அதை 33 ஆக்க வேண்டும். அவ்வளவுதான்! முழுப் படத்தையும் மறுபடி சுருக்காமல், ஒரு தலைப்புக்கு ஒரு பைட்டில் பாதியை மாற்றினால் தாத்தா பழைய ஆகிருதிக்கு வந்துவிடுவார்.

ஆனால் இந்தத் தலைப்பு ஒவ்வொரு ஜி.ஓ.பி.க்கும் திரும்ப வருகிறது. ஆயிரக்கணக்கான இடங்கள். கையால் முடியாது. சி மொழியில் ஃபைல் ஹேண்ட்லிங் பாடத்தில் படித்ததை வைத்து நாற்பது வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். 00 00 01 பி3-ஐ மட்டும் தேடினால் ஒலித் தரவுக்குள் தற்செயலாக அதே நான்கு பைட் வந்து மாட்டிக்கொள்ளலாம். எனவே அதைத் தொடர்ந்து 2டி 02 40 இருக்கிறதா என்றும் பார்த்து, பிறகே மாற்றினேன். நகலில் மட்டும்தான் செய்தேன். "இந்த புரோகிராமெல்லாம் எங்க சார் யூஸ் ஆகப்போகுது?" என்று கேட்கும் ஜூனியர்களுக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன்.

படி 4: ரீமக்ஸ். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் "காப்பி" என்று ஒரு ஆப்ஷன் உண்டு. படத்துக்கும் ஒலிக்கும் கோடெக் என்று கேட்கும் இடத்தில் காப்பி என்று கொடுத்து, வெளிவரும் பாத்திரத்தை "டிவிடி" என்று கொடுக்க வேண்டும். டிவிடியில் எல்லாமே 2048 பைட் பொட்டலங்களாக அடுக்கப்படும். அதோடு, சுமார் அரை வினாடிக்கு ஒருமுறை வழிகாட்டிப் பொட்டலம் ஒன்று வரும். வேகமாக ஓட்டுவதற்கும் பின்னால் போவதற்கும் பிளேயர் அதைத்தான் பார்க்கும். இந்தப் படியில் அதற்குக் காலி இடம் விட்டு வைக்கப்படும். முன்பு ஆறு மணி நேரம் எடுத்த வேலை இப்போது டீ குடித்து வருவதற்குள் முடிந்தது!

படி 5: ஆத்தரிங். டிவிடி ஆத்தர் என்ற மென்பொருள் காலி வழிகாட்டிப் பொட்டலங்களை நிரப்பி, வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டரில் ஐஎஃப்ஓ, பியுபி, விஓபி ஆகிய மூன்று வகைக் கோப்புகளை உருவாக்கும். ஐஎஃப்ஓ என்பது பொருளடக்கம். பியுபி என்பது அதன் நகல், ஐஎஃப்ஓ கீறல் விழுந்து படிக்க முடியாமல் போனால் உதவும். விஓபி-க்குள்தான் படம். இங்கேயும் 16:9 என்று மறக்காமல் கொடுக்க வேண்டும். கட்டளை எழுதப் பயமாக இருந்தால் டிவிடி ஸ்டைலர் என்ற பட்டன் வகை மென்பொருள் இருக்கிறது. அதில் வீடியோ ஃபார்மேட் என்ற இடத்தில் காப்பி என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அது தன்னிஷ்டத்துக்குச் சுருக்கிவிடும்.

படி 6: வட்டில் எழுது. எம்கேஐசோஎஃப்எஸ் கொண்டு டிவிடி-வீடியோ வகை ஐசோ கோப்பாக்கி, முதலில் வி.எல்.சி.யில் ஓட்டிப் பார்த்தேன். பிறகு லேப்பில் இருந்த பழைய டெஸ்க்டாப்பின் ரைட்டரில், 4 மடங்கு வேகத்தில் நிதானமாக எழுதினேன்.

அப்பா அம்மா கல்யாண விசிடி

வட்டில் இடம் மிச்சம் இருந்தது. 2003-ல் நடந்த அப்பா அம்மா கல்யாண விசிடியையும் சேர்க்கலாம் என்று தோன்றியது. விசிடியில் எம்பெக்-ஏவி ஃபோல்டருக்குள் டேட் என்று முடியும் கோப்பு இருக்கும். அது எம்பெக்-1 படத்தின் மேல் போர்த்திய ஒரு உறை. விசிடி கியர் என்ற சிறு மென்பொருள் உறையை உரித்துத் தரும்.

படம் 352 x 288, வினாடிக்கு 1.15 மெகாபிட். டிவிடி சட்டத்துக்கு உட்பட்டது. ஜி.ஓ.பி.யும் 15 தான், என் அதிர்ஷ்டம். ஆனால் விசிடியின் ஒலி 44.1 கிலோஹெர்ட்ஸ். டிவிடிக்கு 48 வேண்டும். ஆகவே படத்துக்குக் காப்பி, ஒலிக்கு மட்டும் 48-க்கு மாற்றம். நாதஸ்வரத்தில் எந்தக் குறையும் காதுக்குத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. டிவிடியில் ஒரு டைட்டில் செட்டுக்குள் எல்லாப் படமும் ஒரே அளவு, ஒரே விகிதமாக இருக்க வேண்டும். 720 அகலமுள்ள 16:9 தாத்தாவையும் 352 அகலமுள்ள 4:3 கல்யாணத்தையும் ஒரே செட்டில் போட்டால் பிளேயர் முழிக்கும். இரண்டையும் தனித்தனி டைட்டில் செட்டாக வைத்தேன். தாத்தா 3.1 ஜி.பி., கல்யாணம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 0.65 ஜி.பி. மொத்தம் 3.8-க்குள். வட்டில் தாராளமாகக் கொண்டது.

நான் விழுந்த குழிகள்

முதல் முயற்சியில் படத்தையும் ஒலியையும் இரண்டு கோப்புகளாகப் பிரித்து, பிறகு சேர்த்தேன். தாத்தா வாயசைத்த பிறகு குரல் வந்தது, டப்பிங் படம் மாதிரி. ஏன்? இரண்டும் சரியாக ஒரே நொடியில் தொடங்குவதில்லை. அந்த வித்தியாசம் நேர முத்திரையில் இருக்கிறது. பிரிக்கும்போது முத்திரை போய்விடும். பிரிக்காமல் நேரடியாகப் பாத்திரம் மாற்றினால் இந்தச் சிக்கல் வராது.

இரண்டாவது, கேமரா ஒவ்வொரு ஷாட்டையும் தனிக் கோப்பாக வைத்திருந்தது. மொத்தம் 31. எல்லாவற்றையும் வாலோடு தலை ஒட்டினேன். ஒவ்வொரு கோப்பிலும் நேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதால் பிளேயர் குழம்பி நின்றது. சரியான வழி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ரீமக்ஸ் செய்து டிவிடி ஆத்தரிடம் வரிசையாகக் கொடுப்பது. அது ஒவ்வொன்றையும் ஒரு அத்தியாயமாக வைக்கும். ஒரு டைட்டிலில் 99 அத்தியாயம் வரை போகலாம். 31 எம்மாத்திரம்?

மூன்றாவது, வெட்டும் இடம். கிணற்றுக் கதை முடிந்ததும் தாத்தா நீளமாக இருமுகிறார். அதை வெட்டிவிட நினைத்தேன். ஆனால் சுருக்காமல் வெட்டுவதென்றால் ஐ படம் வரும் இடத்தில்தான் வெட்ட முடியும். பி படத்தில் வெட்டினால் அது ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய படம் இருக்காது. 15 படத்துக்கு ஒரு ஐ படம் என்றால் 0.6 வினாடிக்கு ஒருமுறைதான் கத்தி வைக்க இடம். இருமலுக்கு முன்னால் வெட்டினால் கதையின் கடைசிச் சொல் போகிறது. பின்னால் வெட்டினால் பாதி இருமல் வருகிறது. வேறு வழியில்லாமல் முழுதாக அப்படியே விட்டுவிட்டேன்.

உண்மையிலேயே சுருக்கவில்லை என்று எப்படித் தெரியும்?

மென்பொருள் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. மூன்று சோதனைகள் உண்டு. ஒன்று நேரம். ஒரு மணி நேரப் படம் சில நிமிடங்களில் முடிந்தால் காப்பி, மணிக்கணக்கில் ஓடினால் சுருக்கம். இரண்டு அளவு. வந்த கோப்பும் போன கோப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் அசைக்க முடியாத சாட்சி. எஃப்எஃப்எம்பெக் கொண்டே விகிதம் திருத்திய கோப்பின் படத் தரவுக்கும், ரீமக்ஸ் செய்த கோப்பின் படத் தரவுக்கும் எம்டி5 எண் எடுத்துப் பார்க்கலாம். ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். நான் எடுத்துப் பார்த்தேன். 31 கோப்புக்கும் இரண்டு எண்களும் ஒன்றே! அன்று லேப்பில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டிராயிங் ஹாலிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

முடிவுரை

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அப்பத்தாவே தட்டைத் திறந்து வட்டை வைத்தார். தாத்தா வந்தார். திண்ணை, வேப்பமர நிழல், மடியில் நான். முகத்தில் கட்டம் இல்லை, உடம்பில் ஒல்லி இல்லை. கிணறு வெட்டிய கதை முடிந்தது. இருமல் வந்தது. "இத வெட்டத்தான் பார்த்தேன் அப்பத்தா, முடியல" என்றேன். "எதுக்கு வெட்டுற? கூடத்துல படுத்திருக்கையில அந்த இருமல் கேட்டுத்தான் அவரு வயலுக்குப் போறாருன்னு தெரிஞ்சுக்குவேன்" என்றார். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.

நண்பர்களே! எதையும் மாற்றுவதற்கு முன் அது உண்மையிலேயே மாற வேண்டுமா என்று கேளுங்கள். பொருந்தியிருப்பதைத் தொடாதீர்கள். பொருந்தாததை மட்டும், மூலத்திலிருந்து, ஒரே ஒரு முறை மாற்றுங்கள். உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு பழைய வட்டோ ஹேண்டிகேமோ இருக்கும். இந்த லீவில் அதை எடுத்துப் பாருங்கள். முதல் வேலையாக இரண்டு நகல் எடுங்கள். மற்றதை நிதானமாகச் செய்யலாம்.

சந்தேகம் இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் லேபுக்கு வாருங்கள். அந்த நாற்பது வரி புரோகிராமைத் தருகிறேன். அரியர் இல்லாமல் அனைவரும் தேற வாழ்த்துகள்!